நான்கு வழக்குகள், ஒரே நிலம்: யூதர்களின் தாயகக் கோரிக்கை எதன்மேல் நிற்கிறது?

2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் என்று வரிசையாகப் பாலஸ்தீனத்தைத் தனி அரசாக அங்கீகரித்தன. உடனே பழைய விவாதம் மறுபடி கிளம்பியது. ஒரு பக்கம், "மூவாயிரம் வருஷமாக இது யூதர்களின் மண்." இன்னொரு பக்கம், "வெளியிலிருந்து வந்து பிடுங்கிக்கொண்ட மண்." நடுவே ஒருவர் பால்ஃபர் பிரகடனம் என்பார், இன்னொருவர் ஐ.நா. தீர்மானம் 242 என்பார். இரண்டு தரப்பிலும் ஆதாரம் இருப்பதுபோலவே தெரியும். ஆனால் ஒருவர் கேட்டதற்கு மற்றவர் பதில் சொல்லியிருக்க மாட்டார்.

காரணம், "உரிமை" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு தனித்தனி வழக்குகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.

1. தொடர்பு. யூத மக்களுக்கு இந்த மண்ணோடு பழைய உறவு உண்டா?
2. அரசு. 1948-ல் உருவான இஸ்ரேல் சட்டப்படி ஓர் அரசா?
3. இறையாண்மை. 1967 போரில் பிடித்த மேற்குக் கரையும் கிழக்கு ஜெருசலேமும் இஸ்ரேலின் ஆட்சிப்பரப்பா?
4. சொத்து. இந்த வீடும் அந்த ஆலிவ் தோப்பும் யாருடையவை?

முதல் வழக்குக்குச் சாட்சி தொல்லியல். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் சர்வதேசச் சட்டம். நான்காவதற்குப் பத்திரமும் வரி ரசீதும். ஒரு வழக்கில் ஜெயித்த ஆவணத்தைக் கொண்டுபோய் இன்னொரு வழக்கில் வைப்பதில்தான் பெரும்பாலான விவாதங்கள் தடம் புரள்கின்றன.

பூர்வீகம்: கல்லில் உள்ளது

முதல் கேள்விக்கு விடை எளிது: உண்டு. எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் வெற்றிக் கல்வெட்டு கி.மு. 1208 வாக்கில் வெட்டப்பட்டது. 1896-ல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அதைக் கண்டெடுத்தார். "இஸ்ரேல்" என்ற பெயர் முதன்முதலாகத் தலைகாட்டும் இடம் அதுதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. வேடிக்கை என்னவென்றால், இஸ்ரேல் அழிந்துவிட்டது, அதற்கு இனி வித்தே இல்லை என்பதுதான் அந்த வரியில் இருக்கும் செய்தி. 1993-ல் வடக்கு இஸ்ரேலின் தெல் தானில் கிடைத்த அராமியக் கல்வெட்டில் "தாவீதின் வீடு", அதாவது தாவீது அரச வம்சம், வருகிறது. கி.மு. 586-ல் பாபிலோனியர் ஜெருசலேம் ஆலயத்தை இடித்ததும், கி.பி. 70-ல் ரோமானியர் இரண்டாம் ஆலயத்தை அழித்ததும் சந்தேகத்துக்கு இடமில்லாத வரலாறு. அதற்குப் பின்னும் அங்கே யூதர்கள் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. ஜெருசலேம், ஹெப்ரோன், சஃபேத், திபேரியாஸ் ஆகிய ஊர்களில் கூட்டமாகவோ கொஞ்சமாகவோ வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

மறுபக்கமும் அதே அளவு உறுதியானது. 7-ஆம் நூற்றாண்டில் அரபுப் படைகள் வந்தபோது ஊர்களைக் காலிசெய்து புதிய ஆட்களைக் குடிவைக்கவில்லை. அங்கே இருந்தவர்களின் மொழியும் மதமும்தான் மெல்ல மெல்ல மாறின. 1922-ல் பிரிட்டிஷார் எடுத்த கணக்கெடுப்பில் பாலஸ்தீனத்தில் 7,57,182 பேர் இருந்தார்கள். அதில் யூதர்கள் 83,790, அதாவது பதினொரு சதவீதம். மிச்சமெல்லாம் பெரும்பாலும் அரபு முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள். ஆகவே "யூதர்கள் உண்மையில் காக்கசஸ் பக்கத்துத் துருக்கிய இனமான கசார் வழியினர், இந்த மண்ணோடு சம்பந்தமே இல்லாதவர்கள்" என்பதும், "பாலஸ்தீனர்கள் வேலை தேடி நேற்று வந்தவர்கள்" என்பதும் ஒரே தரத்துக் கட்டுக்கதைகள்.

இங்கே வரைபடத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பைபிள் கதைகள் நடக்கும் முக்கிய ஊர்கள், அதாவது ஹெப்ரோன், பெத்லகேம், சீலோ, பெத்தேல் எல்லாம் மலைப்பகுதியில் இருக்கின்றன. அந்த மலைப்பகுதியில் பெரும்பகுதி இன்று மேற்குக் கரை. இன்றைய இஸ்ரேலியர்கள் நெருக்கியடித்து வாழும் கடற்கரைச் சமவெளியோ பழங்காலத்தில் அதிகமும் பைபிளில் இஸ்ரவேலரின் எதிரிகளாக வரும் பெலிஸ்தியருடையது. அஷ்கெலோனும் அஷ்தோதும் அவர்களுடைய ஊர்கள். டெல் அவிவ் 1909-ல் மணல்மேட்டில் தொடங்கிய புது ஊர். சட்டப்படி இஸ்ரேலுடைய பிடி எங்கே உறுதியாக இருக்கிறதோ அங்கே பூர்வீகக் கதை மெலிவு. பூர்வீகக் கதை எங்கே கனமோ அங்கே சட்டத்தின் பிடி மிகவும் தளர்வு. இந்த ஒரு முரணை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

பூர்வீகம் பட்டா ஆகுமா?

சர்வதேசச் சட்டம் பழைய உறவை மட்டும் வைத்து நிலத்தை எழுதிக் கொடுப்பதில்லை. இதற்கு எல்லோரும் காட்டும் வழக்கு, 1928-ல் முடிந்த பால்மாஸ் தீவு வழக்கு. பிலிப்பைன்ஸுக்கும் இன்றைய இந்தோனேசியாவுக்கும் நடுவே உள்ள குட்டித் தீவு அது. ஸ்பானியர் முதலில் கண்டுபிடித்தார்கள், ஸ்பெயினிடமிருந்து எங்களுக்கு வந்தது என்றது அமெரிக்கா. நடுவர் மக்ஸ் ஹூபர் தீவை நெதர்லாந்துக்குக் கொடுத்தார். முதலில் பார்த்தவர் யார் என்பதைவிட, தொடர்ந்து, அமைதியாக ஆட்சி செலுத்தியவர் யார் என்பதே முக்கியம் என்பது அவருடைய தீர்ப்பு. நம் ஊர் மொழியில் சொன்னால், பூர்வீகப் பேச்சைவிட அனுபவ பாத்தியதைக்கு எடை அதிகம்.

அப்படியென்றால் 70-ல் அழிந்த ஆலயமும் அதற்கு முந்திய அரசுகளும் இருபதாம் நூற்றாண்டில் உரிமைப் பத்திரமாக நிற்காது. சரி, யூதத் தரப்பு வழக்கறிஞர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். அதனால்தான் அவர்களில் கெட்டிக்காரர்கள் பைபிளை வைத்து வாதாடுவதில்லை. வேறு ஒரு தாய்ப்பத்திரத்தை எடுக்கிறார்கள்.

67 சொற்கள்

1917 நவம்பர் 2-ஆம் தேதி பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆர்தர் பால்ஃபர், பிரிட்டிஷ் யூதப் பிரமுகர் ரோத்ஸ்சைல்டு பிரபுவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அதுதான் பால்ஃபர் பிரகடனம். அதன் மையப் பகுதி ஆங்கிலத்தில் 67 சொற்கள்தான். பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு "தேசிய இல்லம்" அமைவதைப் பிரிட்டன் ஆதரிக்கிறது. ஆனால் அங்கிருக்கும் யூதரல்லாத சமூகங்களின் சிவில், மத உரிமைகளுக்குப் பாதகமாக எதுவும் செய்யக்கூடாது. இவ்வளவுதான் சாரம்.

சொல் சொல்லாகப் பார்த்துச் செதுக்கிய வாசகம் அது.

1. "அரசு" என்ற சொல் இல்லை. "தேசிய இல்லம்" என்பதற்கு அதுவரை சட்டத்தில் பொருளே கிடையாது.
2. சியோனிஸ்ட் தரப்பு, அதாவது யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் கேட்ட இயக்கம், கொடுத்த ஆரம்ப வரைவில் பாலஸ்தீனத்தையே தேசிய இல்லமாக மீட்டமைப்பது என்று இருந்தது. இறுதி வடிவில் அது பாலஸ்தீனத்தில் ஒரு தேசிய இல்லம் என்று சுருங்கியது.
3. "அரபு" என்ற சொல்லே வரவில்லை. பத்தில் ஒன்பது பேர் "யூதரல்லாத சமூகங்கள்" ஆகிவிட்டார்கள். அவர்களுக்குச் சிவில் உரிமை உண்டு, மத உரிமை உண்டு. அரசியல் உரிமை பற்றிப் பேச்சில்லை.

இதைப் பிரிட்டிஷ் அரசுக்குள் மிகக் கடுமையாக எதிர்த்தவர் யார் தெரியுமா? இந்தியாவுக்கான அமைச்சர் எட்வின் மாண்டேகு. மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அவரேதான். அவர் ஒரு யூதர். யூதர்களுக்கு வேறொரு தேசம் உண்டு என்று அறிவித்துவிட்டால், பிரிட்டனில் பிறந்து வளர்ந்த தன்னைப் போன்றவர்களை அந்நியர் என்று துரத்த அது வசதியாகிவிடும் என்பது அவருடைய பயம்.

பிரகடனம் வெளியான அன்று பாலஸ்தீனத்தில் பெரும்பகுதி பிரிட்டன் வசம் இல்லை; ஜெருசலேம் விழுந்தது டிசம்பரில்தான். கையில் இல்லாத நிலத்தை, அங்கே குடியிருப்பவர்களைக் கேட்காமல், மூன்றாவது ஆளுக்கு வாக்களித்த கடிதம் என்ற விமர்சனம் அதனால்தான். போதாததற்கு 1915-ல் எகிப்திலிருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் மக்மாகன் மூலம் மெக்காவின் ஷரீஃப் ஹுசைனுக்கு அரபு சுதந்திரம் பற்றியும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் பாலஸ்தீனம் உண்டா இல்லையா என்று பிறகு பல வருஷம் வாதாடினார்கள்.

கடிதம் சட்டமான விதம்

வெறும் கடிதமாகவே இருந்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். 1920 ஏப்ரலில் சான் ரெமோ மாநாட்டில் வெற்றி பெற்ற நாடுகள் அந்த வாசகத்தை ஏற்றுக்கொண்டன. 1922 ஜூலை 24 அன்று, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் மன்றம் பாலஸ்தீன மேண்டேட்டுக்கு ஒப்புதல் தந்தது. மேண்டேட் என்பது, தோற்ற பேரரசின் நிலத்தை வேறொரு நாடு, அங்குள்ள மக்கள் சார்பில் பொறுப்பாளராக நிர்வகிக்கும் ஏற்பாடு. அதன் முகவுரையில் யூத மக்களுக்குப் பாலஸ்தீனத்தோடு உள்ள "வரலாற்றுத் தொடர்பு" எழுத்திலேயே ஏறியது. 6-ஆவது பிரிவு யூதர்கள் நிலத்தில் நெருக்கமாகக் குடியேறுவதை ஊக்குவிக்கச் சொன்னது.

இதுதான் யூதத் தரப்பின் உண்மையான பலம். பூர்வீகம் தானாகச் சட்டமாகவில்லை. 1922-ல் ஒரு சர்வதேச ஆவணம் அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

ஆனால் அதே சட்டத்தில் வில்லங்கமும் உண்டு. மேண்டேட் முறைக்கே அடிப்படையான சர்வதேச சங்க உடன்படிக்கையின் 22-ஆவது பிரிவு, முன்பு துருக்கியர் வசமிருந்த சில சமூகங்களைத் தற்காலிகமாகச் சுதந்திர தேசங்கள் என்றே ஏற்கலாம் என்றது. இராக்கும் சிரியாவும் லெபனானும் அந்த வழியில் அரசுகளாயின. பாலஸ்தீனத்தில் மட்டும் பெரும்பான்மையின் விருப்பம் ஒத்திவைக்கப்பட்டது. இது தெரியாமல் நடந்ததல்ல. குடியிருப்பவர்களின் விருப்பத்தைக் கேட்கும் சம்பிரதாயத்தைக்கூடத் தாங்கள் செய்யப்போவதில்லை என்று 1919-ல் ஒரு குறிப்பில் பால்ஃபரே எழுதிவைத்தார். இன்னொன்று: 1922 ஜூனில் சர்ச்சில் பெயரில் வந்த வெள்ளை அறிக்கை, பாலஸ்தீனம் முழுவதையும் யூத தேசிய இல்லமாக்குவது நோக்கமல்ல என்றது. யூதர்கள் அங்கே இருப்பது யாருடைய தயவாலும் அல்ல, உரிமையால் என்றும் அதே அறிக்கை சொன்னது. இரண்டு தரப்பும் இதே அறிக்கையைத்தான் மேற்கோள் காட்டுகின்றன, வேறு வேறு பக்கத்திலிருந்து.

1947 முதல் 1949 வரை

1930-களில் ஐரோப்பாவில் உயிருக்குத் தப்பி ஓடிய யூதர்களுக்கு அநேகமாக எல்லா நாடுகளும் கதவைச் சாத்தின. 1939-ல் பிரிட்டனும் ஐந்து வருஷத்துக்கு 75,000 பேர் என்று பாலஸ்தீனக் கதவை ஒடுக்கியது. பிறகு நாஜிகள் நடத்திய படுகொலையில் அறுபது லட்சம் யூதர்கள் மாண்டார்கள். தாயகக் கோரிக்கைக்கு உலகம் காது கொடுத்ததில் சட்டப் பிரிவுகளைவிட இதன் பங்குதான் பெரிது.

1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை, தீர்மானம் 181 மூலம் பிரிவினையைப் பரிந்துரைத்தது. ஆதரவு 33, எதிர்ப்பு 13, வாக்களிக்காதவை 10. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. அதற்கு முன் ஐ.நா. குழுவிலும் ஈரான், யூகோஸ்லாவியாவோடு சேர்ந்து ஒரே கூட்டாட்சி நாடு என்ற சிறுபான்மைத் திட்டத்தை முன்வைத்திருந்தது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த யூதர்களுக்கு நிலத்தில் சுமார் 55 சதவீதம். யூதர்கள் விலை கொடுத்து வாங்கிப் பதிந்த நிலம் அப்போது ஆறேழு சதவீதம்தான். இந்தக் கணக்கை ஒரு தரப்பு அடிக்கடி சொல்லும். மிச்சம் எல்லாம் அரபியரின் பட்டா நிலமல்ல, கணிசமான பகுதி நெகேவ் பாலைவனம், அரசு நிலம் என்பதை அது சொல்லாது.

யூதத் தலைமை ஏற்றது, அரபுத் தலைமை மறுத்தது. பொதுச்சபைத் தீர்மானம் பரிந்துரை மட்டுமே, யாரையும் கட்டாது என்ற அரபு வாதம் சட்டப்படி தப்பில்லை. ஆனால் 1948 மே 14-க்குப் பிறகு அதற்குப் பயன் குறைந்துவிட்டது. ஓர் அரசு பிறப்பது தீர்மானத்தால் அல்ல. மக்கள், நிலப்பரப்பு, இயங்கும் அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன், இவை இருந்தால் அது அரசு. 1949 மே 11 அன்று இஸ்ரேல் ஐ.நா. உறுப்பினரானது. இரண்டாவது வழக்கு அத்தோடு முடிந்ததாகவே நான் கருதுகிறேன். இன்றைய இஸ்ரேல் நிற்பது பைபிளில் இறைவன் ஆபிரகாமுக்கு அளித்த வாக்கின் மேல் அல்ல, பால்ஃபர் மேலும் அல்ல. 1948-49-ன் நடப்பின் மேலும் உலகின் அங்கீகாரத்தின் மேலும்தான்.

அதே நடப்பின் மறுபக்கம், ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தது. அண்டை வீட்டாரோடு அமைதியாக வாழ விரும்பும் அகதிகள் திரும்ப அனுமதிக்கப்பட வேண்டும் என்று 1948 டிசம்பரில் தீர்மானம் 194 வந்தது. இஸ்ரேல் அவர்களைத் திரும்ப விடவில்லை. 1950-ல் இஸ்ரேல் இயற்றிய திரும்பும் உரிமைச் சட்டம் உலகின் எந்த மூலையில் உள்ள யூதருக்கும் வந்து குடியேறும் உரிமை தந்தது.

1967: மூன்றாவது வழக்கு

ஆறு நாள் போரில் இஸ்ரேல் மேற்குக் கரை, காசா, கிழக்கு ஜெருசலேம் மூன்றையும் பிடித்தது. இவை ஆக்கிரமிப்பு நிலம் அல்ல, "தகராறில் உள்ள நிலம்" என்பது இஸ்ரேல் தரப்பு. அதற்கு மூன்று வாதங்கள்.

1. முந்தைய உரிமையாளர் இல்லை என்ற வாதம். இஸ்ரேலியச் சட்ட அறிஞர் யெஹூதா ப்ளூம் 1968-ல் வைத்தது. மேற்குக் கரையை ஜோர்டான் 1950-ல் இணைத்துக்கொண்டதையே உலகம் பெரும்பாலும் ஏற்கவில்லை. உரிமையில்லாதவரிடமிருந்து எடுத்தால் அது எப்படி ஆக்கிரமிப்பு? எனவே, குடிமக்களைப் பிடித்த நிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்னும் நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 49-ஆவது பிரிவு இங்கே பொருந்தாது என்கிறது இந்த வாதம்.

2. மேண்டேட் எல்லை வாதம். புதிய அரசு, தனக்கு முன்பிருந்த நிர்வாகத்தின் எல்லையைச் சுவீகரிக்கும் என்பது காலனிகள் விடுதலையானபோது வழங்கிய விதி. மேண்டேட் முடிந்தபோது பிறந்த ஒரே அரசு இஸ்ரேல். ஆகவே ஜோர்டான் ஆறு முதல் மத்தியதரைக் கடல்வரை அதற்கே. சர்வதேச நீதிமன்றத்தின் 2024 வழக்கில் நீதிபதி ஜூலியா செபுடிண்டே தன் மாறுபட்ட கருத்தில் இதை எடுத்தார்.

3. ஒரு சிறு சொல் பற்றிய வாதம். 1967 நவம்பரில் வந்த ஐ.நா. பாதுகாப்பு மன்றத் தீர்மானம் 242, பிடித்த "பகுதிகளிலிருந்து" படைகள் விலக வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் "எல்லா" என்றும் இல்லை, குறிப்பிட்டுச் சுட்டும் "the" என்ற சிறு சொல்லும் இல்லை. பிரெஞ்சு வாசகத்தில் அது இருக்கிறது. அந்த ஒரு சொல்லை வைத்து அரை நூற்றாண்டுக்கும் மேல் வாதாடியிருக்கிறார்கள்.

முதல் வாதத்தைச் சர்வதேச நீதிமன்றம் 2004-லேயே தள்ளியது. போரிட்ட இரு நாடுகளும் ஜெனீவா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை, அது போதும். நிலம் யாருக்குச் சொந்தம் என்பதல்ல அந்த ஒப்பந்தத்தின் கவலை, அதில் வாழும் மனிதர்கள். இதைச் சொல்ல அந்த நீதிமன்றம் இருக்கும் ஹேக் வரை போகவே வேண்டாம். 1967 செப்டம்பரில் இஸ்ரேல் வெளியுறவு அமைச்சின் சட்ட ஆலோசகர் தியடோர் மெரோன், பிடித்த பகுதியில் குடிமக்களைக் குடியேற்றுவது ஜெனீவா ஒப்பந்தத்தை மீறும் என்று ரகசியக் குறிப்பில் எழுதிக் கொடுத்தார். மெரோன் நாஜிப் படுகொலையிலிருந்து தப்பியவர். குறிப்பைப் படித்துவிட்டு அரசு குடியேற்றத்தைத் தொடங்கியது.

இரண்டாவது வாதத்துக்கு இஸ்ரேலின் சொந்தக் கடிதமே தடை. 1948 மே 14 அன்று வாஷிங்டனில் இருந்த யூதப் பிரதிநிதி, அங்கீகாரம் கேட்டு அதிபர் ட்ரூமனுக்கு எழுதியதில், 1947 தீர்மானம் ஒப்புதல் அளித்த எல்லைகளுக்குள் அரசு அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று தெளிவாகக் குறிப்பிட்டார். மூன்றாவது வாதத்தில் கொஞ்சம் சாரம் உண்டு. எல்லையைப் பேசித் தீர்க்க இடம் வைத்த தீர்மானம்தான் அது. ஆனால் போரால் நிலம் சேர்ப்பது செல்லாது என்றும் அதன் முகவுரையிலேயே இருக்கிறது.

2024 ஜூலை 19 அன்று அதே நீதிமன்றம், ஆக்கிரமிப்புப் பகுதியில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம் என்று 11-க்கு 4 என்ற கணக்கில் கருத்துச் சொன்னது. இது ஆலோசனைக் கருத்து. தீர்ப்புப்போல யாரையும் நேரடியாகக் கட்டாது. இதற்கிடையே குடியேறியவர்கள் கிழக்கு ஜெருசலேமையும் சேர்த்து ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள்.

ஒரு குன்று: குரல் கேட்கும் தூரம்

சட்டம் தரையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மேற்குக் கரையின் நாப்லஸ் அருகே ருஜெய்ப் கிராமத்தைப் பார்க்கலாம். 1979-ல் அந்த ஊர்க்காரர்களின் நிலத்தை ராணுவத் தேவை என்று எடுத்து எலோன் மோரே என்ற குடியேற்றத்தை அமைத்தார்கள். நிலத்துக்காரர்கள் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் போனார்கள். முன்னாள் தலைமைத் தளபதி ஹைம் பார்-லெவ், பாதுகாப்புக்கு இது தேவையில்லை என்று பிரமாணம் கொடுத்தார். அதைவிட, குடியேற வந்தவர்களே, நாங்கள் வந்தது பாதுகாப்புக்காக அல்ல, இறைவன் கொடுத்த மண் என்பதற்காக என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்கள். அரசு வழக்கில் தோற்றது. முதல் வழக்கின் ஆதாரத்தை நான்காவது வழக்கில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அதன்பின் அரசு வழியை மாற்றியது. 1858-ஆம் வருஷத்து உதுமானிய நிலச்சட்டம் தூசி தட்டி எடுக்கப்பட்டது. அதில் "மிரி" என்பது அரசுக்கு அடிமனை உரிமையும் உழுபவருக்கு அனுபவ உரிமையும் உள்ள நிலம். பத்து வருஷம் உழுதால் உரிமை. மூன்று வருஷம் தரிசாகப் போட்டால் பறிபோகலாம். "மெவாத்" என்றால் இறந்த நிலம்: ஊர் எல்லையில் நின்று ஒருவர் உரக்கக் கத்தினால் குரல் எட்டாத தூரத்தில் கிடப்பது. பாறைக் குன்றில் அங்கங்கே நாலு ஆலிவ் மரம் நின்றால் அது அனுபவமா, தரிசா? பாதிக்கு மேல் பயிர் இருந்தால்தான் அனுபவம் என்று இஸ்ரேலிய நிர்வாகம் கணக்கு வைத்தது. வான்படம் எடுத்து, மிச்சத்தை அரசு நிலம் என்று அறிவித்தது. நம் மொழியில் புறம்போக்கு. ஜோர்டான் காலத்தில் நடந்துவந்த நிலப் பதிவு வேலையை 1968-லேயே நிறுத்திவிட்டதால், மேற்குக் கரையில் மூன்றில் இரண்டு பங்கு நிலத்துக்கு முறையான பதிவும் இல்லை. தாத்தா காலத்து வரி ரசீதை வைத்து எவ்வளவு தூரம் வாதாட முடியும்?

ஒரு தெரு: ஷேக் ஜர்ரா

கிழக்கு ஜெருசலேமின் ஷேக் ஜர்ராவில் ஒரு பழைய யூதக் கல்லறையைச் சுற்றியுள்ள நிலத்தை 1870-களில் யூத அமைப்புகள் வாங்கின. 1948-ல் அந்தப் பக்கம் ஜோர்டான் கைக்குப் போனது. 1956-ல் ஜோர்டானும் ஐ.நா. அகதிகள் முகமையும் சேர்ந்து 28 பாலஸ்தீன அகதிக் குடும்பங்களுக்கு அங்கே வீடு கொடுத்தன. அவர்கள் வீடிழந்து வந்தது 1948-ல் இஸ்ரேல் பக்கம் போன ஊர்களிலிருந்து.

1970-ல் இஸ்ரேல் இயற்றிய ஒரு சட்டம், 1948-க்கு முன் கிழக்கு ஜெருசலேமில் சொத்து வைத்திருந்த யூதர்கள் அதைத் திரும்பக் கேட்கலாம் என்றது. அதன்படி நிலத்தின் உரிமை குடியேற்ற அமைப்புகள் கைக்குப் போய், குடும்பங்களை வெளியேற்றும் வழக்குகள் தொடங்கின. அந்தக் குடும்பங்கள் தாங்கள் விட்டுவந்த பழைய வீட்டைக் கேட்க முடியுமா? முடியாது. 1950-ன் "இல்லாதவர் சொத்துச் சட்டம்" அவற்றை அரசுப் பாதுகாவலர் பேரில் எழுதிவிட்டது. ஒரே 1948, ஒரே போர். ஒருவருடைய பழைய பத்திரத்துக்கு உயிர் உண்டு, இன்னொருவருடைய பத்திரத்துக்கு இல்லை.

2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அங்கே நான்கு குடும்பங்களின் வழக்கில், நிலம் யாருடையது என்பது முறையான பதிவு விசாரணையில் முடிவாகும்வரை அவர்களை வெளியேற்றக் கூடாது என்றது. அதுவரை அவர்கள் வருஷத்துக்கு 2,400 ஷெக்கல் வைப்புத்தொகையாகக் கட்ட வேண்டும்.